புக் என்ற மையும் உள்ளங்கால் பொட்டும்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன்.

டொத்தோரெஸா. ஆய்வு அறையின் பொறுப்பாளர். படித்த பெண்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அறுபது வயது. ஜன்னலோர மேசையில் இருந்தார்.

சால்வோ. பழைய சாமான்களைப் படம் பிடிப்பவர். கமெராவுக்குப் பின்னால் குனிந்து நின்றார்.

பீனா. மாளிகையின் வாசல்காரி. கோப்பித் தட்டோடு கதவுக்கு வெளியே நின்றார். உள்ளே கோப்பி கொண்டுவரக் கூடாது.

சில்வியா. டொத்தோரெஸாவின் மகள்.

சில்வியாவின் பிள்ளை. ஆறு மாதம். பெண்.

நான். துப்புரவு வேலைக்கு என்று எடுக்கப்பட்டவள். மை அரைத்துக்கொண்டு இருந்தேன்.

ஆறு பேர். என் மகள் சுபா அங்கே இல்லை. அவள் வன்னியில் என் தங்கச்சியோடு இருந்தாள். அவளைக் கூப்பிடுவதற்கான கடதாசி, அன்று அந்த ஜன்னலோர மேசையில் கிடந்தது.

இதை எழுதச் சொன்னவர்கள் இப்போது அந்த மாளிகையில் துப்புரவு வேலை செய்யும் எங்கள் பெண்பிள்ளைகள் இரண்டு பேர். கோயிலில் கண்டு கேட்டார்கள்.

"தவமணி அக்கா, மேல்மாடி அறைக் கதவிலை குழந்தையளை உள்ளுக்குக் கொண்டுவரக் கூடாது எண்டு எழுதிக் கிடக்கு. அந்த இடத்துக்கு ஆர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாறது? என்னத்துக்கு அப்பிடி எழுதினவை?"

"என்னாலைதான்" என்றேன்.

பகிடி என்று நினைத்துச் சிரித்தார்கள். நான் சிரிக்காததைக் கண்டு ஒருத்தி சொன்னாள், "அப்ப எழுதித் தாங்கோ அக்கா. கோயில் மலரிலை போடுவம்."

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். கட்டுரை எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தொண்ணூறாம் ஆண்டு மாசி மாதம் இத்தாலியின் பலேர்மோவுக்கு வந்தேன். கணவர் அதற்கு முதல் வருசம் செத்துப்போனார். சுபாவுக்கு ஒன்றரை வயது. தங்கச்சியிடம் விட்டுவிட்டு வந்தேன். ஆறு மாதத்தில் கூப்பிடலாம் என்று சொன்னார்கள். சொன்னவர்களுக்கும் தெரியாது. முதல் மூன்று வருசம் மாடிப்படி கழுவினேன், ஒரு கிழவியைப் பராமரித்தேன், மூன்று வீடுகளில் உடுப்பு மினுக்கினேன். எல்லோரும் செய்த வேலை. எழுத ஒன்றுமில்லை.

தொண்ணூற்று மூன்றில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் கால்சா என்ற பகுதியில் ஒரு பழைய மாளிகையில் வேலை கிடைத்தது. மாளிகையின் பாதியைத் திருத்தியிருந்தார்கள். மற்றப் பாதி உலக யுத்தத்தில் குண்டு விழுந்தபடியே கிடந்தது. உள்ளே ஒரு அத்திமரம். திருத்திய பாதியின் மேல்மாடியில் டொத்தோரெஸாவின் அறை. எழுபத்து நான்கு படி. ஜன்னலால் பார்த்தால் நேப்பிள்ஸ் கப்பல் வருவது தெரியும். நாளுக்கு இரண்டு மணித்தியாலம் கூட்டித் துடைக்க வேண்டும்.

அதுவரை நான் வேலை செய்த வீடுகளில் எல்லோரும் என்னை "நீ" என்றார்கள். எண்பது வயதுக்காரியும் நீ, அவவின் பேரனும் நீ. டொத்தோரெஸா முதல் நாளே "நீங்கள்" என்றார். கடைசி நாள் வரைக்கும் அதை மாற்றவில்லை. சத்தம் போட மாட்டார். பாராட்டவும் மாட்டார். வேலை பிழைத்தால் "மறுபடியும்" என்று ஒரு சொல். ஏதாவது பெரிய விசயம் என்றால் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத்தான் கதைப்பார். அந்த அறையில் ஒரு பதிவேடு இருந்தது. வந்த சாமான், நிறை, நேரம், தொட்டவரின் பெயர், உடைந்தது, சிந்தியது, எல்லாம் அதில் எழுத வேண்டும். ஒருநாள் அவரே ஒரு கண்ணாடிக் குழாயைத் தட்டி உடைத்துவிட்டார். ஒருவரும் காணவில்லை. தன் பெயரைப் போட்டு எழுதி வைத்தார். அந்தப் பக்கத்தை நான் பிறகு பார்த்தேன்.

அவருடைய வேலை என்னவென்று விளங்க எனக்கு ஒரு வருசம் எடுத்தது. மேற்குக் கரையில் பழைய பிரேதக்குழிகளில் இருந்து சின்னச் சின்னச் சாடிகள் கிடைத்திருந்தன. பெருவிரல் அளவு. உள்ளே அடியில் ஒரு கறுப்பு. இரண்டாயிரத்து ஐந்நூறு வருசத்துக்கு முந்திய பெண்களின் கண் மை. அது எதனால் ஆனது என்று கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை. ஊசி முனையால் ஒரு துளி சுரண்டி ரோமுக்கு அனுப்பினார். ஈயம் என்று பதில் வந்தது. பிறகு அதே போல் மை செய்து, பழையதையும் புதியதையும் பூதக்கண்ணாடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். சார்டீனியாவில் இருந்து கப்பலில் ஈயக்கல் வந்தது. பென்னாம்பெரிய கல் அல்ல. ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய. சதுரம் சதுரமாக உடையும். உடைந்த முகம் கண்ணாடி போல மினுங்கும்.

டொத்தோரெஸா தானே இருந்து அரைத்தார். அவருக்குக் கை மூட்டில் வருத்தம். நான் நிலம் துடைத்துக்கொண்டிருந்தேன். மூன்று நாள் பார்த்தேன். நாலாம் நாள் வாய் பொறுக்கவில்லை.

"டொத்தோரெஸா, நீங்கள் குத்திறியள். அரைக்கேல்லை."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். வேலை போய்விட்டது என்று நினைத்தேன்.

"காட்டுங்கோ" என்றார்.

சின்ன உரல், சின்னக் குழவி, இரண்டும் வழுவழுப்பான கல். அம்மியில் மிளகு அரைத்த கை. கை முழுவதையும் போட்டு அமத்தக் கூடாது. மணிக்கட்டு மட்டும் சுற்ற வேண்டும். அரை மணித்தியாலம் அரைத்தேன். அவர் ஒரு துளியை எடுத்துப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து வெகுநேரம் பார்த்தார். "நாளையிலிருந்து ஒரு மணித்தியாலம் முன்னம் வாங்கோ" என்றார். அதுதான் அவர் தந்த பாராட்டு.

செய்முறை இதுதான். முகமூடி கட்டி, கையுறை போட வேண்டும். பத்துக் கிராம் கல் நிறுக்க வேண்டும். இரும்பு உரலில் ஒருதரம் உடைத்து, கல் உரலில் அரைத்து, பட்டுத்துணியில் அரிக்க வேண்டும். தங்கினதை மறுபடி அரைக்க வேண்டும். அரித்த தூளைத் தண்ணீரில் கலக்கி, நூறு எண்ணும்வரை விட்டு, மேல்தண்ணீரை வேறு கிண்ணத்தில் மெல்ல வடிக்க வேண்டும். அடியில் நிற்பது மொத்தை. வடித்த தண்ணீரில் மிதப்பதுதான் மை. அது இரவு முழுக்க அடைய வேண்டும். அடுத்த நாள் காயவைத்து நிறுத்து, வாத்துக் கொழுப்பில் குழைக்க வேண்டும். மேசையை ஈரத்துணியால்தான் துடைக்கலாம். விளக்குமாறு தொடக் கூடாது, தூள் எழும்பும். கையுறையைக் கழற்றின பிறகும் மூன்று தரம் சவர்க்காரம் போட்டு, நகத்துக்குக் கீழே தூரிகையால் தேய்க்க வேண்டும். ஈயம் நஞ்சு என்று டொத்தோரெஸா முதல் நாளே சொன்னார். ஒரு தரம்தான் சொன்னார். எனக்கு ஒரு தரம் போதும் என்று அவர் நினைத்தார்.

அரைக்கும்போது கதைப்பார்கள். அந்த மணித்தியாலம் எனக்குப் பிடிக்கும்.

"இந்த மைக்கு எபிரேயர் 'புக்' எண்டு பேர் வைச்சவை" என்று ஒருநாள் டொத்தோரெஸா சொன்னார். "சில இடத்திலை அது அஞ்சனக்கல்லாய் இருந்திருக்கும். சில இடத்திலை ஈயக்கல். கறுப்பாய் இருந்தால் அவைக்குப் போதும். கோயில் கட்டேக்கை கல்லுப் பதிக்கிற சாந்துக்கும் அதே சொல்லுத்தான்."

"அஞ்சனக்கல் எங்கடை ஊர்ப் பரியாரியிட்டையும் இருந்தது" என்றேன்.

"எபிரேயற்ரை பழைய கதையிலை ஒரு ராணி வாறா. அவவைக் கொல்ல ஆள் வாறது தெரிஞ்சும், கண்ணுக்குப் புக் பூசி, தலை சீவி, ஜன்னலிலை வந்து நிண்டவ."

சால்வோ தலையைத் தூக்கினார். "சாகப்போறவள் என்னத்துக்கு மை பூசினவள்?"

கதவுக்கு வெளியில் இருந்து பீனா சொன்னார், "பின்னை ஊத்தை மூஞ்சையோடையே சாகிறது? உன்ரை மனிசி எண்டால் அப்பிடிச் செத்துப்போவாள். அவளுக்கு நீ ஒரு மை வாங்கிக் குடுத்தனியோ?"

"வாங்கிக் குடுத்தால் அவள் எனக்கு முன்னாலை ஏன் பூசப்போறாள்?"

டொத்தோரெஸா சிரிக்க மாட்டார். ஆனால் எழுதுகிற கை நிற்கும்.

இன்னொரு நாள் வேறொரு கதை சொன்னார். எபிரேயரின் பழைய கதையில் ஒரு மனிதன். அவனுடைய பிள்ளைகள் எல்லோரும் ஒரே நாளில் வீடு விழுந்து செத்துப்போனார்கள். பிறகு கடவுள் இரங்கி அவனுக்குத் திரும்பவும் பிள்ளைகளைக் கொடுத்தார். அதில் மூன்று பெண்கள். மூன்றாவது பெண்ணுக்கு அவன் வைத்த பெயரின் பொருள் 'புக் வைக்கும் கொம்பு'. மைச்சிமிழ் மாதிரி.

"முதல் பிள்ளையளின்ரை பேர் என்ன?" என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். "எழுதேல்லை" என்றார்.

நான் குழவியை எடுத்துத் திரும்பவும் அரைத்தேன்.

ஊரில் மை எப்படிச் செய்வீர்கள் என்று அவரும் ஒருநாள் கேட்டார். விளக்கெரித்து, மேலே மண்சட்டி கவிழ்த்து, படிந்த கரியை வழித்து, ஆமணக்கெண்ணெயில் குழைப்போம் என்றேன். பிள்ளை பிறந்தால் கண்ணுக்கு மை, கன்னத்தில் பொட்டு, வெளியே கொண்டுபோனால் உள்ளங்காலிலும் ஒரு பொட்டு. கண்ணூறு படாமல்.

"உங்கடை மகளுக்கும் வைச்சனீங்களோ?"

"ஓம். ஒவ்வொரு நாளும்."

அதையும் பதிவேட்டில் எழுதினார். பக்கத்தில் என் பெயர். நான் சொன்ன ஒன்றை ஒருவர் எழுதி வைத்தது அதுதான் முதல் தரம்.

இனிக் கடதாசி விசயம். பிள்ளையைக் கூப்பிட வேண்டுமென்றால் குவெஸ்தூராவில் இரண்டு காட்ட வேண்டும். அளவான வீடு ஒன்று, முழுநேர வேலைக்கான ஒப்பந்தம் ஒன்று. குவெஸ்தூரா என்றால் வெளிநாட்டவரின் கடதாசிகளைப் பார்க்கும் பொலிஸ் கந்தோர். வீடு தொண்ணூற்று ஐந்தில் கிடைத்துவிட்டது. பல்லரோ சந்தைக்குப் பின்னால், ஒன்றரை அறை. ஒப்பந்தம்தான் இல்லை. மணித்தியாலக் கணக்கில் ஐந்து இடத்தில் வேலை செய்தாலும் அது ஒப்பந்தம் ஆகாது. அந்த வருசக் கடைசியில் யாழ்ப்பாணத்தை விட்டுச் சனம் வெளிக்கிட்டது. தங்கச்சி சுபாவைக் கூட்டிக்கொண்டு நடந்து வன்னிக்குப் போனாள். கடிதம் வர மூன்று மாதம் எடுத்தது. சுபா தன் கையால் கீழே எழுதியிருந்தாள்: அம்மா, நான் நடந்துதான் வந்தேன், ஒருவரும் தூக்கவில்லை.

அந்தக் கடிதத்தை டொத்தோரெஸாவுக்கு நான் வாசித்துக் காட்டவில்லை. அவர்தான் ஒருநாள் கேட்டார், "ஏன் மூன்று நாளாய் மை மொத்தையாய் வருகுது?" சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார். மேலிடத்துக்கு எழுதி, முழுநேரத் துப்புரவாளர் என்று ஒரு இடம் கேட்டார். இரண்டு மாதம் இழுபட்டது. தொண்ணூற்று ஆறு சித்திரையில் ஒரு வியாழக்கிழமை ஒப்பந்தம் வந்தது. பீனாதான் படியேறிக் கொண்டுவந்தார்.

"தவா, இதிலை கையெழுத்தைப் போடு. செப்டெம்பரிலை உன்ரை பெட்டை இஞ்சை எங்கடை படியிலை ஏறி விழுந்து விளையாடும்."

"முதலிலை ஆறாவது மையை முடியுங்கோ" என்றார் டொத்தோரெஸா. "பிறகு போடலாம்."

ஆறு தரம் செய்து பார்ப்பதாக இருந்த மையில் ஆறாவதுதான் கடைசி. குழைத்து முடித்தேன். கையுறையைக் கழற்றினேன். கை கழுவ முந்தி சில்வியா பிள்ளையோடு வந்தாள். டொத்தோரெஸாவின் பேத்தியை நான் முதல் தரம் காண்கிறேன். சித்திரை வெயில், பிள்ளையின் காலில் ஒன்றும் இல்லை.

"மடோன்னா, என்ன கண்" என்றார் சால்வோ. "இந்தக் கண்ணுக்கு மை வேண்டாம்."

"என்ன கொழுப்பு. கடிக்கலாம் போலை கிடக்கு" என்றார் பீனா. சொல்லிவிட்டு, கண்ணூறு படாமல் இருக்கக் கதவின் இரும்பைத் தொட்டார். "சில்வியா, நான் குத்திவிட்ட சிவப்பு நாடா எங்கை?"

"கழட்டி எறிஞ்சிட்டன். பீனா, நீங்கள் எந்த நூற்றாண்டிலை இருக்கிறியள்?"

பீனா தட்டை எடுத்துக்கொண்டு முணுமுணுத்தபடி கீழே போனார். டொத்தோரெஸா மகளுக்கு அடுத்த அறையில் ஏதோ படம் காட்டக் கூப்பிட்டார். சில்வியா சுற்றிப் பார்த்தாள். சால்வோவின் கையில் கமெரா. நான் சும்மா நின்றேன்.

"ஒரு நிமிசம் பிடியுங்கோ" என்று தந்துவிட்டுப் போனாள்.

ஆறு வருசமாக நான் ஒரு பிள்ளையையும் தூக்கவில்லை. எங்கள் சனத்தில் பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போனால் சமையலறையில் நின்றுவிடுவேன். இது இடுப்பில் வந்து ஏறி இருந்துகொண்டது. என் இடுப்பு தானாகவே ஒரு பக்கம் சாய்ந்து இடம் கொடுத்தது. பால் மணந்தது. எல்லோரும் வடிவு வடிவு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். பிள்ளையில் ஒரு நாடா இல்லை, ஒரு பொட்டு இல்லை. மேசை ஓரத்தில் கிண்ணம். விளிம்பில் கறுப்பு.

மோதிர விரலால் தொட்டு, இடது உள்ளங்காலில் வைத்தேன். நான் நினைத்துச் செய்யவில்லை. கை செய்தது. பிள்ளை கூச்சத்தில் காலை இழுத்துச் சிரித்தது.

சால்வோ குனிந்தபடியே இருந்தார். காணவில்லை. சில்வியா வந்து வாங்கினாள். கடற்கரைக் காத்து என்று சொல்லி வெள்ளைக் காலுறை போட்டாள். பிள்ளையின் கையைப் பிடித்து எனக்கு ஆட்டிவிட்டுப் போனாள்.

நான் குழாயடிக்குப் போனேன். ஒருதரம் சவர்க்காரம். இரண்டாம் தரம். மூன்றாம் தரம். தூரிகையை எடுத்தேன். மோதிர விரல் நகத்துக்குக் கீழே கறுப்பு இருந்தது. அப்போதுதான் தெரிந்தது நான் வைத்தது என்ன மை என்று.

"தவமணி" என்று டொத்தோரெஸா கூப்பிட்டார். தன் கையெழுத்தைப் போட்டுவிட்டார். பேனையை என் பக்கம் திருப்பி வைத்தார். "உங்கடை இடம் இது."

பேனையை எடுத்தேன். 'த' எழுதினேன்.

யோசித்தேன் என்று பெரிதாகச் சொல்ல முடியாது. எள்ளளவு பொட்டு. ஒருவரும் காணவில்லை. பின்னேரம் தாய் குளிக்க வார்ப்பாள், போய்விடும். காலுறையும் போட்டிருக்கிறது. இன்னும் மூன்று எழுத்து எழுதினால் சுபா வருவாள். இதெல்லாம் ஒன்றாக வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. ஆறு மாதத்தில் சுபாவின் கால் எந்நேரமும் வாயில்தான் இருந்தது.

பேனையை வைத்தேன்.

"டொத்தோரெஸா, பிள்ளையின்ரை காலிலை மை வைச்சிட்டன்."

"எந்த மை?"

"ஆறாவது."

கண்ணாடியைக் கழற்றினார்.

"எந்தக் கால்?"

"இடது. உள்ளங்கால்."

"எவ்வளவு?"

"ஒரு எள்ளளவு."

"எத்தினை மணிக்கு?"

சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். "இருபது நிமிசம் இருக்கும்."

சில்வியாவின் வீட்டுக்குப் போன் எடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கைபிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்குகிற மனிசி அன்று எழுபத்து நான்கு படியையும் பிடிக்காமல் இறங்கினார். நான் பின்னால் போனேன். "கடற்கரையிலை இருப்பாள்" என்று மட்டும் சொன்னார்.

கடலைப் பார்த்த வாங்கில் இருந்தாள். தூரத்திலேயே தெரிந்தது. மடியில் பிள்ளை. ஒரு கால் வெறுங்கால். அது வாயில். இடதோ வலதோ என்று ஓடிக்கொண்டே பார்த்தேன். வலது.

மற்றக் காலில் காலுறை இருந்தது. ஆனால் பெருவிரல் பக்கம் சூப்பி நனைந்திருந்தது. டொத்தோரெஸா அதைக் கழற்றினார். பொட்டு பாதி காலிலும் பாதி துணியிலும் இழுபட்டுக் கிடந்தது. எவ்வளவு மிச்சம், எவ்வளவு போனது என்று சொல்ல முடியாது. காலுறையை மடித்து ஒரு உறையில் போட்டார். போத்தல் தண்ணீரால் காலைக் கழுவினார். வாயைத் துடைத்தார். பிறகுதான் மகளுக்குச் சொன்னார்.

சில்வியா என்னைப் பார்க்கவில்லை. தாயைப் பார்த்தாள்.

"கூட்ட வந்தவளிட்டை நஞ்சைக் குடுத்து வைச்சிருக்கிறியள், மம்மா."

"ஓம். குடுத்தது நான்தான்."

"என்ரை பிள்ளைக்குப் பூசியிருக்கிறாள்."

"பூசினவ. வந்து சொன்னதும் அவதான். எழும்பு, ஆசுபத்திரிக்குப் போவம்."

என்னை வரச் சொல்லவில்லை. நான் திரும்பி வந்து மேசையை ஈரத்துணியால் துடைத்தேன். கிண்ணத்தை நிறுத்து எழுதினேன். சால்வோ கமெராவை உறையில் போட்டு மூடினார்.

அடுத்த நாள் டொத்தோரெஸா பதிவேட்டைத் திறந்து வைத்திருந்தார். என்னை இருக்கச் சொன்னார். அந்த அறையில் நான் கதிரையில் இருந்தது அன்றைக்குத்தான். எழுதியதை மெல்ல வாசித்தார். நேரம், அளவு, இடது கால். துப்புரவுக்கு எடுத்த ஆளை மூன்று வருசமாக மை அரைக்க விட்டது தான் என்றும், அதற்கு மேலிடத்தில் அனுமதி கேட்கவில்லை என்றும் எழுதியிருந்தார்.

"ஒரு சொல்லும் விளங்காமல் இல்லையே?"

"இல்லை."

"இதை மேலிடம் வாசிக்கும். வாசிச்சால் அந்த ஒப்பந்தம் நிக்காது."

"தெரியும்."

"எழுதாமல் விடட்டோ எண்டு ராத்திரி யோசிச்சனான்." கண்ணாடி மேசையில் கிடந்தது. "ஏலாது, தவமணி."

"எழுதுங்கோ" என்றேன்.

அவருடைய கையெழுத்தும் என் 'த'வும் இருந்த அந்தக் கடதாசியை அவர் கிழிக்கவில்லை. பதிவேட்டுக்குள் வைத்தார்.

எட்டு நாளில் இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை. அன்று சில்வியா வாசலில் என்னை மறித்தாள்.

"ஏன் செய்தனீங்கள்? அதை மட்டும் சொல்லுங்கோ."

"எல்லாரும் வடிவெண்டு சொன்னவை" என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அவள் விளங்காமல் நின்றாள். பீனா உள்ளே இருந்து குரல் கொடுத்தார். "நாடாவை நீ கழட்டி எறிஞ்சாய். அவள் தன்ரை ஊர் நாடாவைக் கட்டினவள். அவ்வளவுதான். படிச்ச உனக்கு இதுகூட விளங்கேல்லையோ?"

சில்வியா திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு நான் அவளைக் காணவில்லை.

ஒரு மாதத்தில் அந்த இடம் இல்லாமல் போனது. குழந்தைகளைக் கொண்டுவரக் கூடாது என்ற அந்த அறிவித்தலைக் கதவில் ஒட்டினார்கள். வேலை நிற்பாட்டின அன்று டொத்தோரெஸா படியடி வரைக்கும் வந்தார். கை தந்தார். "பட்டுத்துணியிலை நூறு எண்ணுறதை உங்களைப் போலை ஒருவரும் எண்ண மாட்டினம்" என்றார். நூறு எண்ணுவது துணியில் அல்ல, தண்ணீரில். அவர் பிழைவிட்டதை நான் அன்றுதான் கண்டேன். திருத்தவில்லை.

திரும்பவும் மாடிப்படி. திரும்பவும் கிழவிகள். நான் கொடுக்க இருந்த அதே சித்திரையில் குவெஸ்தூராவில் கடதாசி கொடுத்த, எங்கள் சனத்தில் ஒருத்தியான ராணியின் பெடியங்கள் இரண்டு பேரும் செப்டெம்பரில் வந்து இறங்கினார்கள். நான் அவர்களுக்குச் சோறு சமைத்துக் கொடுத்தேன். சாப்பிடும்போது பார்த்துக்கொண்டு நிற்கவில்லை.

அந்த வேலையை நினைக்காத நாள் இல்லை. கல் மினுங்குவது, தண்ணீர் மெல்லக் கறுப்பது, ஜன்னலில் நேப்பிள்ஸ் கப்பல். வீட்டில் மிளகு அரைக்கும்போது என் மணிக்கட்டு அந்தச் சுற்றைச் சுற்றும். இரவு சுபாவின் படத்தை எடுத்துப் பார்ப்பேன். வருசத்துக்கு ஒரு படம் வரும். ஒவ்வொரு படத்திலும் வேறொரு பிள்ளை.

முழுநேர ஒப்பந்தம் தொண்ணூற்று எட்டில் கிடைத்தது. நடக்க முடியாத ஒரு சிஞ்ஞோராவோடு வீட்டிலேயே தங்கிப் பார்க்கிற வேலை. அவவுக்கு என்னைப் பற்றி எழுதிக் கொடுத்தது டொத்தோரெஸா. என்ன எழுதினார் என்று சிஞ்ஞோரா ஒருநாள் சொன்னா: "பிழை விட்டால் வந்து சொல்லுவா எண்டு எழுதியிருக்கு. வேறை ஒண்டும் எழுதேல்லை."

சுபா தொண்ணூற்று ஒன்பது தையில் வந்தாள். கொழும்பில் இருந்து ரோமுக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றோடு. அங்கிருந்து நேப்பிள்ஸ். நேப்பிள்ஸில் இருந்து கப்பல். காலமை துறைமுகத்தில் நின்றேன். பத்து வயது. தகப்பனைப் போன்ற காதைக் கொண்டு அவளைக் கண்டுபிடித்தேன். கிட்ட வந்து நின்று என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அம்மா, நிலம் ஆடுது" என்றாள்.

"கப்பலாலை இறங்கினால் அப்பிடித்தான்" என்றேன். பையை வாங்கினேன். வேண்டாம், தானே கொண்டுவருவேன் என்றாள். பல்லரோ வரைக்கும் நடந்தோம். ஒருவரும் தூக்கவில்லை.

இப்போது சுபாவுக்கும் இரண்டு பிள்ளைகள். என் எழுத்துப் பிழைகளைத் திருத்துவதற்கு இந்தக் கட்டுரையை வாங்கி வாசித்தாள். இந்தக் கதையை நான் அவளுக்கு முந்திச் சொல்லவில்லை. வாசித்து முடித்துக் கடதாசிகளை அடுக்கினாள்.

"நீங்கள் அண்டைக்குச் சொல்லாமல் கையெழுத்துப் போட்டிருந்தால், ராணியன்ரியின்ரை பெடியளோடை நானும் வந்திருப்பன், என்ன?"

"ஓம்."

"நான் வரப் பிந்தினது எவ்வளவு?"

"கணக்குப் பாக்கேல்லை."

"இப்ப பாருங்கோ."

தொண்ணூற்று ஆறு செப்டெம்பரில் இருந்து தொண்ணூற்று ஒன்பது தை வரைக்கும் விரல் விட்டு எண்ணினேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இருபத்தெட்டு மாதம்.